காருக்கு மருந்து

போடி பெட்ரோல் பங்க்கில் எனக்கு முன்னால் ஒரு பழைய கார் நின்றது. உள்ளே ஒரு தம்பதி; கணவர் கையில் ஒரு சிறு பாட்டில். மனைவியின் கேள்வியைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நோயில்லாத ஏலச்செடிக்கு மருந்தடிக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. காருக்கு மட்டும் எதுக்கு மருந்து?”

“இது இன்ஜினுக்குப் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரைச் சுத்தம் பண்றது, பெட்ரோல்ல ஊத்தணும். போடிமெட்டு மலை ஏறுறப்ப வண்டி திணறுதுல்ல?”

“நீங்க தனியாப் போறப்பவும் திணறுதா?”

அவர் பாட்டிலைக் கீழே இறக்கினார்.

“இல்ல. நீ இருந்தா, வளைவுல வெடுக்குனு இழுத்து உனக்குக் குமட்டிரக் கூடாதுன்னு கியரைக் குறைக்காம ஓட்டுறேன். அதான் திணறுது.”

அவள் மருந்துப் பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டாள். அதே பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

“நான் இதை மோந்துக்கிட்டு வர்றேன். நீங்க கியரைக் குறைங்க.”