பிரித்துப் பார்த்துக் காசு கொடுங்கள்

சாமானைக் கண்ணால் காணாமல் காசை நீட்ட எங்கள் புத்தளத்துச் சனத்துக்கு மனம் வராது, சேர். அதை நான் குறை சொல்லவில்லை. சிவப்புச் சப்பாத்தைப் படத்தில் காட்டிவிட்டு மண்ணிறச் சப்பாத்தை அனுப்புகிற கள்ளக் கடைகள் இணையத்தில் எத்தனையோ உண்டு. என்னுடையது அப்படியான கடையல்ல.

உடுப்பு, அத்தர், பிள்ளைகளின் சாமான். இரண்டே அறைகளில் நடத்துகிறேன். பார்சல் வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையை நானே யோசித்துச் சீர்செய்தேன். ஓடர் வந்தால் போனில் கோல் எடுத்து உறுதிப்படுத்துவேன். கேற்றடியிலேயே பிரித்துப் பார்க்கலாம். பிடித்தால் காசு, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். வேறு ஊருக்குப் பரிசு அனுப்புகிறவர்கள் மட்டும் கடைக்கு வந்து முன்கூட்டியே கட்டலாம். அதன் பிறகு திரும்பி வரும் பார்சல்கள் பாதியாகக் குறைந்தன. அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

றைஸாவைப் பற்றித்தானே உங்களுக்குத் தெரிய வேண்டும். மூன்று வருடம் ஒரே டியூஷனில் படித்தோம். பிறகு அவளைப் பெண் கேட்டு என் உம்மா போனார். மகளுக்கு விருப்பமில்லையாம் என்று சொல்லி, ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். உப்பளத்தில் வேலை செய்த றவூபுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபமில்லை. அந்தத் தேத்தண்ணியை மட்டும் மறக்கவில்லை.

போன வருடம் றவூப் லொறியில் அடிபட்டு மவுத்தானான். றைஸா இத்தா இருந்தாள். உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன்: புருசன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். நகை கூடாது, வாசனை கூடாது, அந்நிய ஆண்களின் முன் வரக் கூடாது. கேற்றடிக் காரியங்களை றவூபின் தம்பி இஸ்ஸதீன் வந்து பார்த்துக்கொண்டான்.

இருபதாம் நாள் கடை நம்பரிலிருந்து அவளுக்குக் கோல் எடுத்தேன். கடைக்காரர் என்று மட்டும் சொல்லித் துக்கம் விசாரித்தேன். "ஓம், ஓம், துஆ செய்யுங்க," என்றாள். இரண்டு நிமிடம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், சேர், அன்று முழுவதும் எனக்குச் சந்தோசம்.

மறுநாள் கில்பட் பார்சல் கொண்டு போனான். தலவில ஊர்க்காரன், எங்கள் டெலிவரிக்கு இருப்பவன், சூதுவாது தெரியாதவன். "பிரிச்சுப் பாருங்க நானா, சரியெண்டா காசு தாங்க," என்று எல்லோருக்கும் சொல்வதையே இஸ்ஸதீனுக்கும் சொல்லியிருக்கிறான். உள்ளே உதட்டுச் சாயமும் ஒரு போத்தல் அத்தரும். எதிர் வீட்டு உம்மு குல்சூம் மதிலோரம் நின்றாளாம்.

"மதினி, இத்தாக்குள்ள இது என்னத்துக்கு?"

"அல்லாஹ்வே, நான் ஒண்டும் எடுக்கல்ல, தம்பி."

"கடையால கோல் எடுத்துக் கேட்டாங்களாம். நீங்க ஓமெண்டீங்களாம்."

அவளுடைய போனை வாங்கிப் பார்த்தான். என் கடை நம்பர் இருந்தது.

பிறகு இன்னும் ஆறு பார்சல். கண்மை, சரிகைச் சேலை, அப்படி. ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு கோல். அவள் எடுக்காவிட்டாலும் போனில் பதிவு இருக்கும். கடைசியில் போனது ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம். அந்த ஓடர்களெல்லாம் என் மேசையிலிருந்து போனவை என்று கண்டுபிடித்ததற்கு நீங்கள் நெஞ்சை நிமிர்த்தத் தேவையில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

றவூபின் வீட்டார் ஆலங்குடாவிலிருந்து வான் பிடித்து வந்து றைஸாவின் மகள் ஹவ்வாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு வயது. தாய் சரியில்லாத வீட்டில் பிள்ளை வளரக் கூடாதாம். றைஸா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கத்தியவள், தாங்க முடியாமல் ஆண்கள் நின்ற முற்றத்துக்கே ஓடி வந்துவிட்டாள். இத்தாவை முறித்தாள் என்று அதையும் அவள் தலையில் போட்டார்கள். வானை நான் அனுப்பவில்லை, சேர். நான் அத்தர்தான் அனுப்பினேன்.

இத்தா முடிந்து, பெருநாளுக்குப் பத்து நாள் இருக்க, அவள் கடைக்கே வந்தாள். மஞ்சள் சட்டை ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஆலங்குடா விலாசம் கொடுத்து, காசை முன்கூட்டியே கட்டினாள். "மகளுக்குப் பொக்கட் வெச்சதுதான் விருப்பம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ என்ட பேர்ல உங்கட கடைல ஓடர் போடுறாங்க. யாரெண்டு கொஞ்சம் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள். நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். மூன்று வருடம் பக்கத்து வாங்கில் இருந்தவனை அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி ரசீது எழுதிக் கொடுத்தேன்.

சட்டையை எடுத்து வைத்துவிட்டு, உதட்டுச் சாயத்தையும் அத்தரையும் கட்டி, 'ஹவ்வாவுக்கு, உம்மா' என்று எழுதி அனுப்பினேன். அவர்களும் முறைப்படி கேற்றடியிலேயே பிரித்தார்கள். அன்றிலிருந்து பிள்ளையோடு போனில் கதைக்கக்கூட அவளை விடுவதில்லை. அதன் பிறகுதான் அவள் பொலிசில் முறைப்பாடு கொடுக்க உங்களிடம் வந்தாள்.

சட்டை பத்திரமாக இருக்கிறது, எங்கள் வீட்டு அலுமாரியில். நிக்காஹ் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டி வந்து என் கையாலேயே கொடுப்பேன். இங்கே எழுதி முடித்தால் சீக்கிரம் விடுங்கள், சேர். நாளைக்கு உம்மாவைப் பெண் கேட்டு அங்கே அனுப்ப வேண்டும். புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஊரும் கதைப்பதில்லை. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இந்த முறை தேத்தண்ணி கொடுப்பாள்.