செத்து எழுந்தவனை என்ன செய்வது

லஸ் முனையில் டிராம் ஏறி உட்கார்ந்தேன். பின் பலகையில் இருந்தவர் பக்கத்திலிருந்த மைத்துனனிடம், "செத்தவனை எழுப்பிட்டேன்டா, இனிமே அவனை என்ன பண்றதுன்னுதான் தெரியல," என்றார். வண்டியே திரும்பிப் பார்த்தது. நான் திரும்பவில்லை. எனக்குக் காது போதும்.

"மெதுவா, அத்திம்பேர்! பத்திரிகைக் கதைன்னு இவாளுக்கெல்லாம் தெரியுமா?"

"இன்னிக்கு அத்தியாயம் கொடுக்கலேன்னா தொடர்கதையையே நிறுத்திடுவா. விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சினான், பொணம் எழுந்து உக்காந்துண்டுது. அதுக்கு மேல ஓடல."

"உங்க விஞ்ஞானியும் உங்களை மாதிரித்தான். எழுப்பினப்புறம் என்னன்னு யோசிக்கவே இல்லை. பதிமூணாம் நாள் காரியம் ஆயிடுத்தா?"

"போன அத்தியாயத்துலேயே ஆயிடுத்து. பொணத்தைத்தான் விஞ்ஞானி திருடிண்டு போயிட்டானே, தர்ப்பைப் பொம்மையை எரிச்சுப் பண்ணிட்டா."

"அப்போ ஆத்துக்குள்ள எப்படி விடுவா? காரியம் ஆனப்புறம் வந்தா, சாஸ்திரப்படி அவன் புதுசா பொறந்தவன். தொட்டில்ல போடணும், பேர் வைக்கணும், காது குத்தணும், பூணல் போடணும், பெண்டாட்டிக்கே திரும்பத் தாலி கட்டணும்."

கதாசிரியரின் குரல் தெளிந்துவிட்டது. "அடடா, வருஷம் பூரா ஓடும்டா!"

"சாவையே ஜெயிச்ச விஞ்ஞானி என்ன ஆவான்?"

"அவனா? கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியைக் கையில கொடுத்துடறேன்."