மினிபஸ் கண்டக்டரின் குரல்

லேப்டாப் சூடானால் அடியில் இரண்டு தீப்பெட்டி வைப்பது எங்கள் வழக்கம். அன்றும் வைத்தேன். பக்கத்தில் சந்தியா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சாடா ஜேப்பி? ஒண்ணாச்சும் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இரு, தேடிக்கினு கீறேன்."

அவள் அம்மா ஆண்டாள் அத்தை சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "காலீலேர்ந்து ஒண்ணும் துன்னாம குந்திக்கினு கீது புள்ள. சாப்புட்டுத் தேடு ராஜா."

சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் தேடியது சந்தியாவின் அப்பா குரலை. ஆதிமூலம் மாமா கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறும் மினிபஸ்ஸில் கண்டக்டர். "வெள்ளிமலைலாம் ஏறு" என்று அவர் கத்தினால் கடைத்தெருக் கோடி வரை கேட்கும்.

சந்தியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் அவள் எந்த பட்டனில் நிற்கிறாளோ அதை ஒரு குரல் வாசிக்கும். அதைக் கேட்டுத்தான் எல்லா வேலையும் செய்வாள். நாங்கள் போட்டிருக்கும் டெஸ்க்டாப்பில், அதாவது திரையில் தெரிகிற ஜன்னல், மெனு, பட்டன் எல்லாம் சேர்ந்த அந்த முகப்பில், தமிழுக்கு இருந்தது தகரத்தைத் தட்டினது போன்ற ஒரு குரல். இப்படிப்பட்ட முகப்புகளில் நோம், கேடிஇ என்று பெரியவை உண்டு. இது சின்னது. எதையும் யாரும் விற்பதில்லை, எங்கெங்கோ இருப்பவர்கள் சும்மா எழுதிக் கொடுக்கிறார்கள். ஐப்பசியில் ஒரு பதிப்பு, பங்குனியில் ஒரு பதிப்பு. வரப்போகிற பதிப்பில் தமிழ்க் குரல் மாமாவுடையதாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து வந்து அவர் வாக்கியம் வாக்கியமாகப் படிப்பார். நான் வெட்டி, இரைச்சல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பேன். நடுவில் இருமுவார். "சந்தியா, கொஞ்சம் தண்ணி குடு கண்ணு" என்பார். அந்தத் துண்டுகளை எறியாமல் தனியாக எடுத்து வைத்ததும் நான்தான். போன ஆடியில் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு சந்தியா தினமும் கேட்டது அந்தத் துண்டுகளைத்தான்.

அப்புறம் டெஸ்க்டாப் குழுவின் தமிழ்க்காரர்கள் ஆன்லைனில் கூடினார்கள். உனக்கு யாரம்மா உதவி என்று ஒருவர் சந்தியாவைக் கேட்டார்.

"பக்கத்து வூட்டுப் பையன் ஒருத்தன் கீறான் சார். ஒயர் சொருவுவான், சார்ஜ் போடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவில் விழாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன். பிறகு வெளியீட்டுக் குறிப்பின் வரைவு வந்தது. நன்றி சொன்ன இடத்தில் ஆதிமூலம், சந்தியா என்று இரண்டே பெயர்.

நான் சண்டை போடவில்லை. ப்ளஸ் டூ படிக்கிறவன் ஒரு பெயருக்காகச் சண்டை போடுவது நன்றாக இருக்காது.

சோதனைப் பதிப்பு வந்ததும் நான்தான் அவள் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். மெனுவுக்கான தமிழ்ச் சொற்கள் ஒரு கோப்பில் இருக்கும். அதில் இரண்டை மட்டும் இடம் மாற்றினேன். 'நகலெடு' இருந்த இடத்தில் 'நிரந்தரமாக நீக்கு'. 'நிரந்தரமாக நீக்கு' இருந்த இடத்தில் 'நகலெடு'. நிச்சயமா என்று கேட்கிற பெட்டியிலும் அதற்கேற்ப மாற்றினேன். கண் தெரிந்தவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற குப்பைத்தொட்டிப் படத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிடுவார்கள்.

மொத்தப் பதிவையும் பென் டிரைவில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போய், நல்ல நெட் இருக்கிற இடத்தில் குழுவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நகலெடுப்பது எப்போதும் என் வேலை.

"நீயே பண்ணு சந்தியா. ஒயர் சொருவுற பையன் இன்னாத்துக்கு?"

"ஐயே, அத்த இன்னும் மனசுல வச்சிக்கினு கீறியா? தமாசுக்குச் சொன்னேன்டா."

"புதுப் பதிப்புல காப்பி பண்ற கன்ட்ரோல்-சி தகராறு. மெனுவுல போய்ப் பண்ணு."

அவள் பதிவுகள் இருந்த ஃபோல்டரில் நின்று மெனுவில் இறங்கினாள். தகரக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. "நகலெடு" என்றது. தட்டினாள். "நகலெடுக்கவா?" என்றது. அதற்கும் தட்டினாள். "சீக்கிரம் முடிஞ்சிடுச்சே, புதுசு ஸ்பீடுதான்" என்று சிரித்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அமுக்கியது அவள் விரல்.

என் மெமரி கார்டில் ஒரு நகல் இருந்தது. அதை முந்தின வாரமே காலி செய்து வேறு எதையோ ஏற்றியிருந்தேன். பென் டிரைவிலும் லேப்டாப்பிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்து அவள் கேட்டபோது கார்டு கெட்டுப்போச்சு என்றேன்.

அழிந்த கோப்புகளைத் திரும்ப எடுக்க முடியும். உடனே நிறுத்தினால் முக்கால்வாசி வந்துவிடும். அது எனக்குத் தெரியும். அவள் அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்திருந்தபோது, அத்தை சோறு வைத்தபோது, நான் ஓடவிட்டிருந்தது தேடுகிற மென்பொருள் அல்ல. அழிந்தது இனி எப்போதும் திரும்ப வராதபடி காலி இடம் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்புகிற மென்பொருள். அதற்குத்தான் தீப்பெட்டி. அது முடிந்ததும் சொற்களைப் பழையபடி மாற்றி வைத்தேன். மாமா தண்ணி கேட்ட துண்டுகளும் அதே ஃபோல்டரில்தான் இருந்தன. அதை யோசிக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழுவினர் பெருந்தன்மையானவர்கள். பரவாயில்லை, அடுத்த பதிப்புக்குப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். இன்று சாயங்காலம் சந்தியா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து மைக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

"உன் கொரலு நல்லாத்தான் கீது. நீ படி. இனிமே மெசின்ல எனக்கு எல்லாத்தையும் நீதான் சொல்லணும். கண்ண மூடிக்கினு நம்புவேன்." கொஞ்சம் சிரித்தாள். "தொறந்து வச்சிக்கினாலும் எனக்கு அதேதான். இந்த வாட்டி உன் பேரும் வரும்டா. நான் சொல்லிட்டேன்."

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் முதல் சொல் 'நகலெடு'. படித்தேன்.

ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி சந்தியா தலையைச் சாய்த்தாள்.

"கொரலு நடுங்குதே. என்னாண்ட படிக்க இன்னாத்துக்குடா உனக்கு பயம்?"