தொடாமல் விட்ட வீடு

உக்காரும்மா. அந்த நாற்காலி என்னுது, உங்கப்பாவோடது இல்ல. உக்காந்தா உன் தலையில எந்த வரியும் வந்து விழாது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பூரா என் இடம். அந்தப் பக்கம்தான் வம்பு.

காபி குடி. இதுவும் என் வீட்டுக் காபிதான். தண்ணியும் குடி. டென்மார்க்குல இருந்து வந்த பிள்ள, அந்த மலை வளைவெல்லாம் பஸ்ஸுல சுத்தி வந்திருக்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சின்னப் பிள்ளையில வந்தப்பவும் இப்படித்தான், பஸ்ஸ விட்டு எறங்கினதும் எங்க செவுத்தோரமா வாந்தி எடுப்ப. ஆனா பேச்ச மறக்கல பாரு. கிரேக்கம் எங்கள விட சுத்தமாப் பேசுற.

வக்கீல் எப்ப வராரு? மத்தியானமா? அப்ப நேரம் கெடக்கு. வரி ஆபீசு எங்கயும் ஓடிறாது.

இல்ல, நீ கேட்டு முன்னால நின்னத பாத்துட்டுதான் இருந்தேன். கம்பியில கூட கை படாம நின்ன. எதயாவது தொட்டுட்டா வாரிசாயிருவோம்னு இன்னும் பயம். கோவிச்சுக்காத, சிக்னே. கெழவன் வாய் அப்படித்தான். எங்க வீட்டு ஃபோட்டினி சொல்லுவா, ஸ்ட்ராட்டோஸ், உன் நாக்க மட்டும் தனியாத்தான் பொதைக்கணும், கூட வச்சா மத்த பொணம் தூங்காதுன்னு.

உங்க ஊரு வக்கீலா அப்படிச் சொன்னாரு? சாவிய வாங்காத, கரண்டியக் கூட எடுக்காத, சாவுக்கே போகாத, போனா வீட்டு வரி, அனுமதி இல்லாம மாடி கட்டின அபராதம், அப்பா வச்சுட்டுப் போன பாக்கி எல்லாம் உன் கழுத்துலன்னு? பாதி சொல்லியிருக்காரு. மீதிய யாரு சொல்றது? தொடாம இருந்தா மட்டும் இங்க பத்தாதாமே. எனக்கு இந்தச் சொத்து வேண்டாம்னு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுல சொல்லணுமாம். சொல்லலைன்னா வாங்கிட்டதா அர்த்தமாம். நீ அங்க வாயத் தொறக்காம இருந்த. வீடு பாட்டுக்கு உன் பேருக்கு நடந்து வந்துருச்சு.

எனக்கும் தெரியாதும்மா. தபால்காரன் மீமிஸ் சொல்லித்தான். வரி நோட்டீசு வரும்போதெல்லாம் என்கிட்ட நீட்டுவான். வாங்கிக்கோ பெருசு, பக்கத்து வீடுதானம்பான். போடா, நான் கைநாட்டு வச்சா நாளைக்கு டென்மார்க்கு ராணி வந்து என் ஆட்டப் புடிச்சிட்டுப் போவான்னு வெரட்டி விடுவேன்.

ஆங், சிரிச்சுட்ட. அதே சிரிப்பு. அந்த ஆளு சிரிப்பு.

உங்கப்பா, உங்கப்பா. சரி. அவர அப்படியே சொல்லிச் சொல்லி வாய் பழகிப் போச்சு. அந்த வீடு எங்க வீடும்மா. நான் அதுக்குள்ளதான் பொறந்தேன், கீழ இருக்கே, கல்லு ரூம்பு, அதுல. பாகம் பிரிக்கும்போது எங்க தம்பிக்குப் போச்சு. எனக்கு ஆலிவ் மரம், அவனுக்கு வீடு. அவன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம உங்கப்பாகிட்ட வித்துட்டான். நான் ஆலிவ் காய் விழ மரத்தடியில வலை விரிச்சிட்டிருக்கேன், சாயங்காலம் வந்து பாத்தா என் பொறந்த வீட்டு வாசல்ல ஒரு செவத்த வெள்ளக்காரன், அரை டவுசரோட, எனக்கு வணக்கம் சொல்றான். என் வீட்டு வாசல்ல நின்னு எனக்கே வணக்கம்!

நான் திருப்பிச் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அப்புறமும் சொல்லல. தெனம் சொல்லுவாரு. வாசப் பெருக்கும்போது, ரொட்டி வாங்கிட்டு வரும்போது. நீ சின்னப் பிள்ள, அவரு கையப் புடிச்சுட்டு நீயும் சேந்து சொல்லுவ. உனக்கு மட்டும் தலையாட்டுவேன். ஞாபகம் இருக்கா? அப்புறம் மாடிய எழுப்புனாரு. நான் சாயங்காலம் உக்காந்து கடல் பாப்பேன், அந்தா, இப்ப என்ன தெரியுது? ஜன்னலு. சாத்துன ஜன்னலு. அன்னைக்கு ஃபோட்டினிகிட்ட சொன்னேன், இந்த ஆளுக்கு இந்த மண்ணு ஒட்டவே ஒட்டாதுன்னு. எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தான் சொன்னேன். காபிக்கடையில எல்லாரும் இருந்தாங்க.

செத்தது எப்படித் தெரிஞ்சுதா? வணக்கம் வரல. அவ்வளவுதான். ஒரு நாள் வரல, சரின்னு இருந்தேன். மறுநாளும் வரல. நான்தான் போலீசக் கூப்பிட்டேன். கதவ ஒடச்சுட்டுப் போனாங்க. கட்டில்லயே, தூக்கத்துலயே. நல்ல சாவும்மா, மனசுல எதும் வச்சுக்காத. கல்லு ரூம்புல. எங்கப்பனும் அங்கதான் போனாரு.

பூட்டி அரக்கு வச்சுட்டுப் போயிட்டாங்க. ஆனா ரேடியோவ யாரும் நிறுத்தல. தெரியுமா உனக்கு? அவரு ஒரு ரேடியோ வச்சிருந்தாரு, காலையில தானா எந்திரிச்சுப் பேசும், உங்க ஊரு செய்தி. ஆளு போயாச்சு, அது பேசிட்டே இருக்கு. யாரு உள்ள போயி நிறுத்துறது? வாரிசு நீ. நீ வர மாட்ட. நான் யாரு? நான் பொறந்த ரூம்புல இருந்து, எனக்குப் புரியாத பாஷையில, தெனம் காலையில ஒருத்தன் பேசுறான். கட்டில்ல படுத்துக் கேட்டுட்டே இருப்பேன். கரண்டு புடுங்கற வரைக்கும்.

புடுங்கி ரொம்ப நாளாச்சும்மா. நேத்துக் காலையிலயும் கேட்டுச்சு.

இல்ல இல்ல, ஃபோட்டினிக்குக் கேக்கல. அவளுக்குக் காது மந்தம்.

சாவுக்கு நீ வரலைன்னதும் ஊருல என்னென்னமோ பேசுனாங்க. வரிக்குப் பயந்து அப்பன அனாதையா விட்டுட்டான்னு பொம்பளைங்க வாய் ஓயல. பாதிரியாரு, நம்ம சபை இல்லையேன்னு கொஞ்சம் இழுத்தாரு, அப்புறம் செவுத்தோரமா எடம் குடுத்தாரு. தூக்கறதுக்கு ஒரு தோள் கம்மி. என்னக் கூப்பிட்டாங்க. தூக்கினேன். கனமே இல்ல.

நான் யாருகிட்டயும் சொல்லல, ஆனா எனக்கு அப்பவே ஒரு நெனப்பு. வெறும் வரிக்காக வராம நிக்கற பொண்ணு இல்ல இது. கடைசியா நீ வந்தப்போ மாடியில ஒரே சத்தம். உங்க பாஷைதான், ஆனா சத்தத்துக்கு என்ன பாஷை. நீ பையத் தூக்கிட்டு நடந்தே பஸ்ஸுக்குப் போன. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. உங்கம்மா விஷயமா? சரி சரி. நான் கேக்கல. அழாத. காபி ஆறுது.

என்னது? வீட்ட எனக்கா? அய்யோ, வேண்டாம்மா! ஊருல எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, ஸ்ட்ராட்டோஸ் கெழவன் அந்த வீட்டுக்குத்தான் அடிபோடுறான்னு. நீ இனாமா குடுத்தாலும் அதுக்கும் ஒரு வரி வச்சிருப்பான். அத யாரு கட்டறது? முன்ன ஆசை இருந்துச்சு. இப்ப சாவிய நீட்டினாலும் அந்தக் கல்லு ரூம்புக்குள்ள படுக்க என்னால ஆகாது.

வக்கீல் வரட்டும். கட்டறதக் கட்டு, விக்கறத வித்துட்டுப் போ. அது உன் பாடு. அதுக்காக உன்ன உக்கார வைக்கல. அதுக்கு முன்னாடி என்கூட கல்லறை வரைக்கும் வா. பக்கம்தான், அந்தா சைப்ரஸ் மரம் தெரியுதே.

போன வாரம் காபிக்கடைக்காரன் அம்மா போயிட்டா. குழிக்கு எடம் இல்ல. மூணு வருஷம் ஆச்சு, டென்மார்க்காரர எடுத்துருவோம்னாங்க. மூணு வருஷத்துல எலும்ப எடுத்துக் கழுவிப் பெட்டியில வச்சுட்டு, குழிய அடுத்தவங்களுக்குக் குடுக்கற எங்க வழக்கம் உனக்குத் தெரியும், எங்க அம்மா எலும்ப எடுத்து ஒயின்ல கழுவுனப்ப நீ செவுத்துமேல ஏறி உக்காந்து பாத்த, நான் வெரட்டினேன். அதே மாதிரிதான். கழுவச் சொந்தம் யாரும் இல்லையேன்னு ஃபோட்டினிதான் ஒயினும் வெள்ளத் துணியும் எடுத்துட்டு வந்தா.

தோண்டினாங்க. பலகைய நகத்துனாங்க.

அவரு கரையலம்மா. அப்படியே இருக்காரு. மூக்கு, நெத்தி, எல்லாம்.

ஃபோட்டினி துணியக் கீழ போட்டுட்டா. மத்தவங்க பின்னால நகந்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா திரும்பி என்னப் பாத்தாங்க. உயிரோட இருக்கறவன் யாராவது மனசுல கறுவிட்டிருந்தா மண்ணு பொணத்த எடுத்துக்காதுன்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். நான் காபிக்கடையில சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். பாதிரியாரு, ஸ்ட்ராட்டோஸ், சொல்லிடுன்னாரு. குழி ஓரத்துல முட்டி போட்டேன். மன்னிச்சேன்யா, கடவுளும் மன்னிக்கட்டும்னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தான் சொன்னேன். மண்ணப் போட்டு மூடிட்டாங்க. காபிக்கடைக்காரன் அம்மாவ வேற எடத்துல பொதைச்சாங்க.

வாய்தான் சொல்லுச்சு. உள்ள போச்சான்னு எனக்கே தெரியல.

அதான் மீமிஸ உனக்குப் போன் போடச் சொன்னேன். அவன்தான், வரி விஷயம்னு சொன்னாத்தான் வருவான்னான். நீயும் ஏதோ வச்சிருக்கதான? என்னன்னு எனக்கு வேண்டாம். வந்து அந்த மண்ணுமேல நின்னு அவருகிட்ட சொல்லிடு, உங்க பாஷையில. அடுத்த வருஷம் மறுபடி தோண்டுவாங்க. அப்பவும் கரையலைன்னா, அவரப் புடிச்சு வச்சிருக்கறது நீ இல்ல, நான்தான்னு எனக்குத் தெரிஞ்சுரும்.