என் முகத்துக்குப் பின்னால் ஒரு பாலம்

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மாங்காய் மண்டி உரிமையாளர், எங்கள் பாலக் குழுவின் தலைவர், பெரியவர் நசருல்லா அவர்களே. சுருட்டிய வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறையாவது இதை விரிக்க விடுவார்களா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் சாலைப் பொறியாளர் சகோதரி சத்யப்ரியா அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே. நான் மைக்கைப் பிடித்ததும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிட்ட அண்ணன்மார்களே. ஒதுங்காமல் நிற்கும் இரண்டு மூன்று தியாகிகளே. உங்கள் அனைவருக்கும், இதோ என் முதுகுக்குப் பின்னால் வயதாகி நிற்கும் கோட்டைப்பேட்டைக் கல்பாலத்தின் சார்பில் வணக்கம் சொல்லி வரவேற்கிறேன்.

நான் ராமப்பன் மகன் அஜித்குமார். ‘கோட்டைப்பேட்டைக் கல்பாலப் பாதுகாப்பு மற்றும் புதுப்பாலப் பொதுமக்கள் கருத்தொருங்கிணைப்புக் குழு’வின் செயலாளர். பாலத்தைவிடக் குழுவின் பெயர் நீளம். பாலத்தை மூச்சுவிடாமல் நடந்து கடந்துவிடலாம், இந்தப் பெயரைக் கடக்க நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே, பாலம் பழசாகிவிட்டது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. லாரி போனால் கல் உதிர்கிறது. மழை வந்தால் தூண் தெரிவதில்லை. தென்பெண்ணையில் கழிவுநீர் நுரை பொங்கி வந்தால் பாலமே மேகத்தில் மிதப்பதுபோல் இருக்கிறது. வெளியூர்க்காரர் வந்து படம் எடுக்கிறார், உள்ளூர்க்காரர் மூக்கைப் பிடிக்கிறார். புதுப்பாலம் வேண்டும். வேண்டும் என்று கேட்டோம். கேட்டதும் அரசாங்கம் என்ன சொன்னது? ‘வாருங்கள், மக்களே, உங்கள் ஊர் பழமையான ஊர், உங்கள் பாலம் பழமையான பாலம், இடிப்பதற்குமுன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்றது. நம்மைப் பார்த்து, தோழர்களே, நம்மைப் பார்த்துக் கருத்துக் கேட்டது. கேட்டவர்கள் மேல் தப்பில்லை.

அந்த முதல் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத் திடல். சகோதரி சத்யப்ரியா மதியமே வந்து, மேடையின் பின்சுவரில் புதுப்பாலத்தின் வரைபடத்தை ஒட்டிவிட்டுப் போனார். பெரிய படம். ஊரே பார்க்கட்டும் என்று ஒட்டிய படம். சாயங்காலம் குழு வந்தது. நான் வந்தேன். கையோடு ஃபிளெக்ஸ் வந்தது. ‘கருத்துக் கேட்க வருகை தரும் அதிகாரிகளை வருக வருக என வரவேற்கிறோம்’ என்று எழுதி, அதிகாரிகள் படம் இல்லாமல், எங்கள் படத்தை மட்டும் போட்ட ஃபிளெக்ஸ். கட்டுவதற்கு வாகான இடம் எது? அந்தப் பின்சுவர். கட்டினோம். இழுத்துக் கட்டினோம். ஒரு மூலைகூடத் தெரியாமல் கட்டினோம்.

ஊருக்கு வரப்போகும் பாலம் உள்ளே. ஊருக்கு உதவாத முகங்கள் வெளியே. அதில் நடுநாயகமாகக் கூலிங்கிளாஸ் போட்ட முகம் என்னுடையது. ஹோசூர் ஸ்டுடியோவில் எடுத்தது. அந்தக் கண்ணாடி ஸ்டுடியோக்காரருடையது.

சிரியுங்கள். என் அம்மா சாந்தம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். அவர் சிரித்தால் ஊரே சிரிக்கலாம்.

அப்புறம் சால்வை. அதிகாரிக்குச் சால்வை, தலைவருக்குச் சால்வை, தலைவருக்குப் போட்டவருக்குச் சால்வை, அவருக்குப் போட்ட எனக்குச் சால்வை. வெயிலுக்குப் பேர்போன சித்திரை மாதத்தில், பாலத்தைப் பற்றிப் பேச வந்தவர்களைக் கம்பளிச் சந்தைபோல் ஆக்கினோம். அப்புறம் கருத்து. பாலத்துக்கு யார் பெயர் வைப்பது என்று ஒரு கருத்து. பெயர்ப்பலகையில் தமிழ் மேலேயா, கன்னடம் மேலேயா, தெலுங்கு எங்கே என்று ஒரு கருத்து. மூன்று மொழியிலும் பேசினோம், தோழர்களே. மூன்று மொழியிலும் பலகையைப் பற்றியே பேசினோம். கடைசியாக, பாலத்தின் முகப்பில் ஓர் அலங்கார வளைவு வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். வழிமொழிவது என் தொழில்.

பொறியாளர் எழுந்து, ‘வேற ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். அவர் குரல் யாருக்குக் கேட்டது? மைக் என் கையில் இருந்தது. நான் சால்வை நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்தது. படத்தில் இருந்தவர்கள் பைக்கில் போனோம். கூட்டத்தில் இருந்தவர்கள் நடந்து போனார்கள்.

அந்த வாரம் மழை பிடித்தது. நம் முனிசாமி அண்ணன், அதோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான், வண்டியில் இருந்த மாங்காய் நனையாமல் இருக்க அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்து எடுத்துப் போய்ப் போர்த்தினார். அந்த ஃபிளெக்ஸ் செய்த ஒரே பொதுச்சேவை அது. ‘என்னாண்ணே, என் மூஞ்சிய எடுத்து மாங்காய்க்கு மூடிட்டியே’ என்று கேட்டேன். ‘உம் மூஞ்சி மழயத் தாங்குது தம்பி, நல்ல சரக்கு’ என்றார்.

ஃபிளெக்ஸ் போன சுவரில் வரைபடம் தெரிந்தது. மறுநாள் அந்த வழியாக வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. இன்னொருவர் பக்கத்து வீட்டு ஜைபா அக்கா. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்ட்டில் வேலை. பாலம் பாரம் தாங்காது என்று கம்பெனி பஸ் அதில் ஏறாது, லாரிக்காரர்கள்தான் துணிந்து ஏறுவார்கள். பஸ் இக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அக்கரைத் தெருப் பெண்கள் எல்லாரும் பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும். நான் அந்த நேரம் சாப்பிட்டதை ஜீரணிக்கச் சுவரோரமாக நின்றிருந்தேன். அவர்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

‘அக்கா, இதா புதுப்பாலம். லாரி வரைஞ்சிருக்காங்க, பஸ் வரைஞ்சிருக்காங்க, காரு கூட இருக்குது. நம்மள எங்க காணம்?’

‘நல்லா பாரு ஜைபா. ஓரத்துல இருப்பம். நாம எப்பவும் ஓரந்தான.’

‘ஓரத்துல இரும்புத் தடுப்பு இருக்குது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு.’

‘அப்ப ஆத்துல போவச் சொல்றாங்களோ என்னவோ. ஏன்டா அஜித்து, நீதான செயலாளரு. நாங்க நடக்கறது எங்கடா?’

நான் பார்த்தேன். மேலிருந்து கீழாகப் பார்த்தேன், இடமிருந்து வலமாகப் பார்த்தேன். நடைபாதை இல்லை.

என் அம்மா சொன்னார்: ‘சரியா உன் மூஞ்சி இருந்த எடம். அங்கதான் இருந்திருக்கணும்.’

பைக் வாங்கியபிறகு நான் அந்தப் பாலத்தில் நடந்ததே இல்லை. ஹாரன் அடித்துத்தான் போவேன். ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போன கூட்டத்தில் எத்தனை முறை என் அம்மா இருந்தாரோ, எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், கணக்கு வைக்கவில்லை என்கிறார்.

பழைய பாலத்தில் பிறை இருக்கிறது. வெளியூரில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கைப்பிடிச் சுவர் அங்கங்கே ஆற்றுப்பக்கமாக அரைவட்டமாய்ப் புடைத்திருக்கும். அதைத்தான் பிறை என்போம். லாரி வந்தால் நடப்பவர் அதில் ஒதுங்கி நிற்கலாம். போன மாதம் ஒரு மாங்காய் லாரி. யாருடைய லாரி என்று சொல்லமாட்டேன், தலைவர் மேடையில் இருக்கிறார். அதன் பக்கக் கண்ணாடி ஜைபா அக்காவின் சாப்பாட்டுப் பையை மாட்டி இழுத்துக்கொண்டு போனது. பை போனது. அக்கா பிறைக்குள் இருந்தார். பிறை இல்லாதிருந்தால் இன்று நாம் இரங்கல் கூட்டம் போட்டிருப்போம். அதற்கும் நான் ஃபிளெக்ஸ் அடித்திருப்பேன்.

யாரோ கட்டிய பழைய பாலத்தில் நடப்பவருக்கு இடம் இருக்கிறது. நம்மைக் கேட்டுக் கட்டும் பாலத்தில் நடப்பவருக்கு இடம் இல்லை. இது என்ன நியாயம்? தொழிற்பேட்டைக்குப் பெண்கள் வேண்டும். கம்பெனிக்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளைச் சுமந்து வரும் கால்களுக்கு ஒரு முழ இடம் வேண்டாமா? சரக்குக்குச் சாலை, சக்கரத்துக்குச் சாலை, சம்பளத்துக்கு நடப்பவருக்குத் தடுப்புக் கம்பியா?

கை தட்டாதீர்கள். இப்படித் தட்டித் தட்டித்தான் நான் இப்படி ஆனேன்.

கோபத்தோடு பொறியாளருக்குப் போன் போட்டேன். ‘என்ன மேடம், நடைபாதையே இல்லாம வரைஞ்சு வச்சிருக்கீங்க’ என்றேன். அவர் கோபப்படவில்லை. ‘சார், படம் மேல இருந்து வந்தது. மாத்தணும்னா நீங்க சொல்லணும், அதுக்குத்தான் கூட்டமே. நீங்க வளைவு கேட்டீங்க, சேத்தாச்சு. மூணு மொழியில பலகை கேட்டீங்க, அதுவும் சேத்தாச்சு. நடைபாதை யாரும் கேக்கலையே’ என்றார். ‘இப்பக் கேக்கறோம்’ என்றேன். ‘வளைவோட தூண் ரெண்டும் ஓரத்துல வருது சார். வளைவு வச்சா நடைபாதைக்கு எடமில்ல. ரெண்டுல ஒண்ணுதான். கடைசிக் கூட்டத்துல ஊரே சொல்லட்டும்’ என்றார்.

பார்த்தீர்களா? அரசாங்கம் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று ஊர் ஊராகக் குறை சொல்கிறார்கள். நம் விஷயத்தில், தோழர்களே, நம் துரதிர்ஷ்டம், கேட்டுவிட்டார்கள்.

அந்தக் கடைசிக் கூட்டம்தான் இது. இன்று பேசுவது மேலே போகும். அதற்கப்புறம் கல்லைத்தான் பார்த்துப் பேச வேண்டும்.

பின்னாலிருந்து யாரோ ‘பேச்ச முடிப்பா’ என்கிறார். முடிக்கிறேன் அண்ணே. இன்னும் ஒரு வேண்டுகோள்தான் பாக்கி.

தலைவர் அவர்களே, அந்த வளைவு உங்கள் ஆசை. உங்கள் வாப்பா பெயரைத் தூணில் பொறிக்க வேண்டும் என்ற ஆசை. அதில் குற்றம் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னபடி சர்க்கரைக்காகக் காலையில் இந்தப் பாலத்தில் நடக்கிறவரும் நீங்கள்தான். அந்தத் தூண் வந்தால், நீங்கள் எங்கே நடப்பீர்கள்? வளைவை வழிமொழிந்த வாயால் சொல்கிறேன்: என் வழிமொழிதலைத் திரும்பப் பெறுகிறேன். வளைவு வேண்டாம். வழி வேண்டும்.

இப்போது இந்த மூட்டையைப் பாருங்கள். இன்று யாருக்கும் சால்வை போடவில்லை, கவனித்தீர்களா? வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள். என் வீட்டுப் பீரோவில் சட்டை வைக்க இடமில்லை, அத்தனையும் சால்வை. குழுவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நம் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, சால்வைக்குப் பஞ்சமே வந்ததில்லை. எல்லாவற்றையும் கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம். போலீஸ்காரர்கள் கொஞ்ச நேரம் வண்டிகளை நிறுத்தித் தருகிறார்கள். பாலத்தின் ஓரமாக, இக்கரையிலிருந்து அக்கரைவரை, இந்தச் சால்வைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கப்போகிறோம். ஒரு சால்வையின் அகலம் எவ்வளவு தெரியுமா? என் அம்மாவும் ஜைபா அக்காவும் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அகலம். அதைத்தான் கேட்கிறோம். அதற்குமேல் ஒரு விரல் கேட்கவில்லை.

என்ன ஜைபா அக்கா, கையைத் தூக்குகிறீர்கள்? சொல்லுங்கள்.

‘ஆத்துக் காத்துக்கு ஒண்ணும் நிக்காது தம்பி. எல்லாம் பறந்து போயிடும்.’

நியாயம். இதை நான் யோசிக்கவில்லை. நான் யோசிக்காதவற்றின் வரிசை இன்றோடு முடியாது. கல் வைக்கலாமா?

‘கல்லு எதுக்கு? அது மேல நாங்க நிக்கறம்.’

கேட்டீர்களா? மைக் இல்லாமலே கேட்டதா? அவ்வளவுதான் இந்தக் கூட்டத்தின் கருத்து.

சகோதரி சத்யப்ரியா அவர்களே, நீங்கள் கரையில் நின்று பாருங்கள். எங்கெல்லாம் ஆட்கள் நிற்கிறார்களோ, அதெல்லாம் நடைபாதை. அதை வரைந்து மேலே அனுப்புங்கள். ஷிப்ட் போகும் பெண்கள் முதலில் போங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முனிசாமி அண்ணே, சைக்கிளை விட்டுவிட்டு வாருங்கள். டீக்கடை அண்ணன்மார்களே, கிளாஸை வைத்துவிட்டு வாருங்கள். பைக் சாவிகளை இந்த மேசையில் போட்டுவிட்டு வாருங்கள். இதோ, முதல் சாவி என்னுடையது.

ஆ, தலைவர் எழுந்துவிட்டார். பையிலிருந்து எதையோ எடுக்கிறார். சால்வை. தலைவரே, இன்று யாருக்கும் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோமே… மன்னிக்க வேண்டும், எனக்கு இல்லையாம். பாலத்துக்காம்.

வந்தவர்களுக்கும், வரைய இருப்பவருக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும் நன்றி. மீதி வணக்கத்தைப் பாலத்தின் மேல் நின்று சொல்கிறேன். அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எனக்கும் ஒரு ஓரம் வேண்டும்.