வலது கன்னத்து மச்சம்

— கண்ணை மூடுங்க சார். பஞ்சு வைக்கிறேன். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.

— மூடிட்டேன் அம்மாடி. என் லாரிச் சாவி எங்கே?

— இந்தத் தட்டுல இருக்கு, யாரும் தொட மாட்டாங்க. இப்போ பேஷியலுக்காக முகத்துக்கு ஆவி வரும். சூடு தாங்கலைன்னா சொல்லுங்க.

— சூடா? இருபத்தஞ்சு வருஷமா ரோடு போடற இடத்துல தார்க் கொதிகலன் பக்கத்துல நிக்கிறவன் நான். ஒரு நாள் டீ கிளாஸ் கை தவறி உள்ளே விழுந்துடுச்சு. கையை விட்டு எடுத்தேன். டீ ஆறிப்போயிருந்துச்சு.

— பக்கத்து நாற்காலி சார், உங்க அண்ணன் எப்பவும் இப்படித்தானா?

— வந்து... எனக்குத் தெரிஞ்சு நாப்பத்திரெண்டு வருஷமா இப்படித்தாங்க.

— உனக்கு என்னடா தெரியும்? நான் பொறந்து ஏழு நிமிஷம் கழிச்சுத்தானே நீ வந்தே? அந்த ஏழு நிமிஷம் நான் எவ்வளவு ஒழுங்கா இருந்தேன்னு அம்மாவைத்தான் கேக்கணும்.

— ரெட்டைப் பிள்ளைங்களா? உள்ளே வரும்போதே நினைச்சேன். ஒரே மூக்கு, ஒரே நெத்தி. உங்களுக்கு மட்டும் கன்னத்துல மச்சம்.

— வலது கன்னத்துல. அதை வெச்சுத்தான் எங்களை ஊரே பிரிச்சுப் பாக்கும். மச்சம் இருந்தா பெரியவன், இல்லாட்டி சின்னவன். அடி வாங்கறதுக்கு முந்தி எங்க அப்பா கன்னத்தைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் அடிப்பார். அதுலயும் எனக்குத்தான் ரெண்டு கூட.

— வாயை அசைக்காதீங்க சார், ஸ்க்ரப் போடறேன். நான் தலைமாட்டுல நின்னு வேலை செய்யறவ. பேசிக்கிட்டே இருந்தீங்கன்னா எனக்கு வலது எது, இடது எதுன்னே மறந்துடும்.

— சரி, பேசலை.

— இது என்ன சார், இப்படிக் கறுப்பா வருது?

— எப்படிக் கறுப்பு? சாம்பல் கலந்தா?

— ஆமாம்.

— அது போன மாசம் போட்ட பைபாஸ்.

— இப்போ மையாட்டம் வருது.

— அது ஆஸ்பத்திரி ரோடு. பாத்துத் தேய்மா, அதுல ஜல்லி கிடக்கும்.

— இப்போ செம்மண் மாதிரி வருது.

— அங்கேயே நிறுத்திக்கோ. இன்னும் கீழே போனா குடிதண்ணிக் குழாய் உடையும்.

— வந்து... அண்ணே, அவங்களை வேலை செய்ய விடேன்.

— நீ சும்மா கிடடா. உன் முகத்துக்கு எல்லாம் முடிச்சு துண்டு போத்தியாச்சு. துண்டுக்குள்ளே இருக்கிறவனுக்கு என்ன பேச்சு?

— அடுத்தது சார், பழத்துல இருந்து எடுத்த ஆசிட். செத்த தோலெல்லாம் தளர்ந்து வந்துடும். ஆம்பளைத் தோல் தடிப்பு, அதனால அஞ்சு நிமிஷம் கூட வைக்கணும். லேசா எரியும். ஆமாம், என்ன விசேஷம்? கல்யாண போட்டோவா?

— போட்டோதான். கல்யாணம் இல்லை. புது லாரி எடுத்திருக்கோம். ரெண்டு கதவுலயும் என் மூஞ்சியை வரையப் போறாங்க. சாயந்தரம் ஓவியர் வர்றார். நினைச்சாலே கால் தரையில நிக்க மாட்டேங்குது.

— அப்போ கல்யாணம்?

— எனக்கா? நான் கட்டில்ல குறுக்கால படுக்கிறவன் அம்மாடி. நான் விடற குறட்டையில எதிர்வீட்டு நாய் குடும்பத்தோட வேற தெருவுக்குப் போயிடுச்சு. எந்தப் பொண்ணு வரும்?

— தம்பி பண்ணிக்கலாமே.

— அங்கேதான் முடிச்சு விழுந்திருக்கு. அவனுக்காக ஒரு பொண்ணு ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கா. யாருன்னு சொல்ல மாட்டேங்கிறான். சொல்லியும் புண்ணியமில்லை. அப்பா கண்ணை மூடறதுக்கு முந்தி, மாமாவைச் சாட்சி வெச்சு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். பெரியவன் கழுத்துல மாலை விழுந்தாத்தான் சின்னவன் கழுத்துல விழணும்னு.

— ரொம்ப அநியாயம் சார்.

— அப்பா கேட்டுட்டார். இவனும் மீற மாட்டான், நானும் மீறச் சொல்ல மாட்டேன். மாமா வேற இன்னும் கல்லுக்குண்டாட்டம் காவல் இருக்கார். சாப்பிட உக்காந்தா இவன் எதிர்ல உக்காருவான். அந்த மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது. நான் என்ன பண்ணட்டும், ஏழு நிமிஷம் அவசரப்பட்டு வந்துட்டேன்... அம்மாடி, எரியுதுன்னு சொன்னே, அழுத்தும்னு சொல்லலையே.

— தப்பா நினைக்காதீங்க சார். கை தானா அழுத்திடுச்சு. இதோ துடைச்சு எடுத்துடறேன்... கடைசியா இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் க்ரீம்... ஐயையோ.

— என்ன ஐயையோ?

— சார், உங்க மச்சம் வந்துடுச்சு.

— எங்கே வந்துடுச்சு?

— பஞ்சுல.

— பஞ்சுல மச்சம் வருமா?

— மச்சம் வராது சார். தார்னா வரும்.

— கண்ணாடியைக் கொடு... காணோம். டேய், காணோம்டா. வழிச்சுவிட்ட மாதிரி இருக்கு.

— வந்து... நான் துண்டுக்குள்ளே இருக்கேன் அண்ணே, எனக்கு எதுவும் தெரியலை.

— அவன் துண்டை எடு அம்மாடி.

— எடுத்துட்டேன்... சார், இங்கே பாருங்களேன். இவர் மச்சம் இத்தனை நாள் அழுக்குக்கு அடியில இருந்திருக்கு.

— டேய், இப்படித் திரும்பு. ம். இப்போ அந்தப் பக்கம். ம்.

— அண்ணே, என்ன அப்படிப் பாக்கிறே?

— திரும்பவும் இந்தப் பக்கம் காட்டு. ம்... சரிதான்.

— என்ன சரிதான்?

— மச்சம் உன் கன்னத்துலதான் இருக்கு. நாம கைக்குழந்தையா இருந்தப்போ அப்பா வேலை முடிஞ்சு வந்து தார்க் கையோடதானே தூக்குவார்? என் கன்னத்துல ஒரு சொட்டு விழுந்திருக்கும். உன்னோட மச்சத்து மேல தாரை அப்பிவிட்டிருப்பார். அம்மாவுக்கு எங்கே தெரியும், பாவம். ஆக, பெரியவன் நீ.

— அண்ணே, நீ... கோவப்படலையா?

— இனி நான் எதுக்கு அண்ணன்? தம்பி ஆயிட்டேன். ஐயோ, இது எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமாடா? விடியறதுக்கு முந்தி எழுந்து கொதிகலன் பத்தவைக்கிறது பெரியவன் வேலை, அதை நீ செய். கூலியாள் சண்டையை நீ தீர்த்து வை. நான் எட்டு மணிக்கு எழுந்து வந்து அண்ணன் சரியில்லைன்னு குறை சொல்லுவேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கும் சேத்துச் சொல்லுவேன்.

— அப்போ லாரியில வரையற மூஞ்சி?

— யார் மூஞ்சியை வரைஞ்சா என்ன, எல்லாம் ஒண்ணுதானே. முதல்ல உன் கழுத்துல மாலை விழட்டும். இரு, மாமாவுக்கு போன் போட்டுட்டு வர்றேன். உள்ளே பேசினா ஆவி மெஷின் சத்தம்.

— போயிட்டாரா?

— கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சு. போயிட்டார்.

— நிஜமா நம்பிட்டாரா?

— நம்பிட்டார். ஆறு வருஷம் நீ காத்திருந்த காத்திருப்பு ஒரு பென்சில்ல முடிஞ்சிடுச்சு. ஆனா வந்து... பாவமா இருக்குடி. தோள் மேல கைபோட்டுக் கூடவே வளந்தவரை ஏமாத்திட்டோம்.

— அவர் சந்தோஷமாத்தானே போறார். கன்னத்தைத் தொடாதீங்க, புருவப் பென்சில் அது, வேர்த்தாலே இழுபடும். அவர் மச்சத்து மேல அப்பின பூச்சு சாயந்தரம் வரைக்கும் நிக்கும். அப்புறம் நான் தினம்...

— உஷ். வர்றார்.

— லாரிச் சாவியை விட்டுட்டேன்.

— இந்தாங்க சார். பக்கத்து நாற்காலி சார், மாமா என்ன சொன்னாராம், கேளுங்க.

— வந்து... மாமா என்ன சொன்னார் அண்ணே?

— அண்ணன் நீடா, அதுக்குள்ளே மறந்துட்டியா? மாமா போன்ல அழுதுட்டார். வர்ற மாசமே வெச்சுக்கலாம்னார். ஆனா மச்சத்தைக் கண்ணால பாக்கணுமாம், கிளம்பி இங்கே வந்துக்கிட்டிருக்கார்.

— இங்கேயா? எப்போ?

— அரை மணியில. அதான் ஓடி வந்தேன். அம்மாடி, மாமாவுக்கு வயசு எழுபத்தெட்டு ஆனாலும் கண்ணு கழுகு. நீ தலைமாட்டுல நின்னு இவனுக்கு இடது கன்னத்துல வரைஞ்சிருக்கே. அதை அழிச்சுட்டு வலதுல வரை.