மொட்டைத் தலையோடு கடைசிச் சுற்று

எனக்கு இன்றைக்கும் ஷூ போட்டால் கால் வியர்க்கும். தொண்ணூற்றெட்டில் சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் ஒரே ஒரு சூப்பர்வைசர் வேலைக்கு ஏழு மாதம் இண்டர்வியூ நடத்தினார்கள். குழு விவாதத்தில் பதினோரு முறை 'எஸ் சார்' என்றேன். அங்கே சார் யாரும் பேசவே இல்லை.

எப்படியோ கடைசிச் சுற்றுக்கு நானும் எழிலரசனும் மிஞ்சினோம். இருவருக்கும் ஊர் நகரி. நைனா என்று அவன் கூப்பிடும் அவன் அப்பா ரங்கையாவின் பவர்லூம் ஷெட்டில்தான் பாதி நாள் எனக்குச் சாப்பாடு. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், அதுதான் சிக்கல்.

கடைசிச் சுற்று திருப்பதியில். வேலை கிடைத்தால் முடி கொடுப்பதாக எழிலரசன் வேண்டிக்கொண்டிருந்தான். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சாமியால் மறுக்க முடியாது என்று யோசனை சொன்னது நான். முதல் நாளே மலையேறி மீசையையும் சேர்த்து மழித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் என்னை முதலில் கூப்பிட்டார்கள். என் இங்கிலீஷ் மூன்றாவது கேள்வியிலேயே தீர்ந்துபோனது. மிச்சமிருந்த தெலுங்கில், அடுத்து வருகிறவனின் அப்பா போன வாரம் தவறிவிட்டார், ஒரே பிள்ளை, தறியை விட்டு வரமுடியாது, சொல்லக் கூச்சப்படுகிறான் என்றேன். அந்தத் தலையைப் பார்த்தபிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். எழிலரசனின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா போன துக்கத்தில் இண்டர்வியூ வேண்டாம், ஊருக்குப் போங்கள் என்றாராம். ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது என்று இவன் நினைத்துவிட்டான். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நைனாவுக்கு என்னாடா ஆச்சு? உனக்கு எதுனா தெரியுமா?"

"எனக்கு என்னாடா தெரியும். வா, போய்க்கினே பேசலாம்."

எதிரிலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. பஸ் போய்விடும் என்று இழுத்துப்போனேன். இரண்டு மணி நேரம் என் தோளில் சாய்ந்து அழுதான். கைக்குட்டை கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி வழியில், புத்தூரிலேயே இறங்கி இண்டர்வியூவுக்குத் திரும்பியிருப்பான். அதனால் சொல்லவில்லை.

ரங்கையா தறியில் நின்றுகொண்டிருந்தார். மகன் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். கம்பெனியில் ஆள் மாறிப்போயிருக்கும் என்று விளக்கினேன். அவர் எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

அவன் திரும்பப் போய்க் கேட்பதற்குள் ஆர்டர் என் பெயருக்கு வந்துவிட்டது. அவன் பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போனான். எனக்கு அதில் வருத்தம் இல்லையா என்கிறீர்கள். அன்று சாப்பிட்டு எழுந்ததும் அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "நைனா உசுரோட கீறாரு, அது போதும்டா" என்று சிரித்தான். அந்தக் கம்பெனி அவனுக்கு என்ன கொடுத்திருக்கும், வெறும் சம்பளம். அவ்வளவு பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது நான்தான்.